குதிரையின் மூச்சுக்குக் காது கொடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற ஆண்டு ஒரு காலை, குதிரையேற்றப் பயிற்சி நடக்கும் ஒரு மைதானத்தின் வேலியோரம் நின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி உயரமான செந்நிறக் குதிரையில் சுற்றி வந்தாள். நடையில் குறையில்லை; ட்ராட் என்னும் சீரோட்டத்திலும் இல்லை. கேண்டர் என்னும் தாவோட்டத்துக்கு மாறிய இரண்டாம் சுற்றில், வெற்றுப் பாட்டிலின் வாயில் ஊதினாற்போல ஒரு சீழ்க்கை கேட்டது. அடுத்த சுற்றில் அது கரகரப்பாக மாறியது. குதிரை தானாகவே வேகத்தைக் குறைத்தது. "சோம்பேறித்தனம் பண்ணுகிறது, குதிகாலால் தட்டும்மா" என்று பயிற்சியாளர் குரல் கொடுத்தார். அவளும் தட்டினாள். எனக்கு நெஞ்சு பதைத்தது. கால்நடை மருத்துவனாகப் பல ஆண்டுகள் குதிரைகளோடு பழகியவன் நான். அந்தக் குதிரைக்கு மூச்சு போதவில்லை என்பது தெரிந்தது.

மூச்சு முட்டினால் நாம் வாயைத் திறந்துகொள்கிறோம். குதிரைக்கு அந்த வழி இல்லை. மேல்வாயின் பின்பகுதியான அதன் மென்னண்ணம் குரல்வளை மூடிக்குக் கீழே இறுகப் பொருந்தி, வாய்க்கும் மூச்சுவழிக்கும் நடுவே கதவு போல நிற்கிறது. காற்று மூக்கு வழியாக மட்டுமே போக வேண்டும். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சு. முழுப் பாய்ச்சலில் 120ஐத் தாண்டிவிடும். ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு என்று காலும் நுரையீரலும் ஒரே தாளத்தில் இயங்கும். உடல் நீளும்போது காற்று உள்ளே போகிறது, முன்னங்கால்கள் தரையில் ஊன்றும்போது வெளியே வருகிறது.

இந்தத் தாளம் தெரிந்தால் போதும், கருவி எதுவும் இல்லாமலே பாதி நோயறிதல் முடிந்துவிடும். சத்தம் மூச்சை இழுக்கும்போது வருகிறதா, விடும்போது வருகிறதா? அன்று வந்த சீழ்க்கை, குதிரை தாவி நீளும்போதே வந்தது. அதாவது இழுக்கும்போது. இறங்கச் சொல்லி, தொண்டையின் இரு பக்கமும் விரல் வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் தசை மெத்தென்று இருந்தது. இடப்பக்கம் ஒரு சிறு குருத்தெலும்பு முனை துருத்திக்கொண்டு விரலில் தட்டுப்பட்டது. அதை மூடியிருக்க வேண்டிய தசை மெலிந்துபோயிருந்தது. பிறகு மூக்கு வழியே எண்டோஸ்கோப்பிக் குழாயை விட்டுப் பார்த்தபோது, குரல்வளையின் இடப்பக்கக் கதவு திறக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏன் இடப்பக்கம்? அந்தத் தசையை இயக்கும் நரம்பு கழுத்து வழியாக நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி தொண்டை வரை ஏறி வருகிறது. வலப்பக்க நரம்புக்கு இவ்வளவு நீண்ட பயணம் இல்லை. உயரமான, கழுத்து நீண்ட குதிரைகளில் இந்த நோய் அதிகம் தென்படுகிறது. 1886இல் இங்கிலாந்தின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற ஆர்மண்ட் என்ற குதிரைக்கும் இதே நோய், அதாவது மூச்சு உறுமல், வந்தது. ஓடிய 16 பந்தயங்களில் ஒன்றில்கூடத் தோற்காத குதிரை அது! உறுமல் வந்த பிறகும் 1887இல் ஓடி வென்றது. அது எவ்வளவு பாடுபட்டு ஓடியிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

மூச்சை விடும்போது, கொப்பளிப்பது போலவோ குறட்டை போலவோ சத்தம் வந்து, ஓட்டத்தின் நடுவே குதிரை சட்டென்று தளர்ந்தால் மென்னண்ணம் இடம் பெயர்ந்து மேலே ஏறியிருக்கலாம். ஒருமுறை விழுங்கியதும் அது இடத்துக்குத் திரும்பிவிடும், குதிரையும் தெளிந்துவிடும். அதனாலேயே "நடிக்கிறது" என்ற பழியும் அதற்கு வந்து சேர்கிறது. குதிரை நடிப்பதில்லை, ஐயா.

எல்லாச் சத்தமும் நோய் அல்ல. சில குதிரைகள் கேண்டரில் மூச்சை விடும்போது நாசித் துவார மடல்கள் படபடக்கும். வேகம் கூடும்போது அந்தச் சத்தம் தேய்ந்துவிட்டால் கவலை வேண்டாம்.

தொண்டையில் குறை இல்லையென்றால் லாயத்தைப் பாருங்கள். காய்ந்த புல்லில் ஒரு கைப்பிடி எடுத்து வெயிலில் உதறுங்கள். புகை போலத் தூசி கிளம்பினால், குதிரை நாள் முழுக்க மூக்கைப் புதைத்திருப்பது அதில்தான். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த புல் இன்னும் மோசம். குதிரைக்கும் ஆஸ்துமா வரும். சவாரி தொடங்கியதும் இரண்டு மூன்று இருமல், ஓடி நின்ற பிறகும் அடங்காத இளைப்பு, மூச்சை விட வயிற்றை எக்கி எக்கித் தள்ளுவது ஆகியவை அதன் அடையாளங்கள். புல்லை நீரில் நனைத்துக் கொடுத்து, குதிரையைத் திறந்த வெளியில் வைத்தாலே பல குதிரைகள் தேறிவிடும்.

சென்னை போன்ற வெக்கையான கடற்கரை ஊர்களில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. குதிரை இளைக்கிறது, மூக்கு விரிகிறது, ஆனால் கழுத்திலும் சேணத்துக்கு அடியிலும் கையை வைத்தால் காய்ந்து கிடக்கிறது. வியர்வை சுரப்பதே நின்றுபோன நிலை இது. குளிர்ந்த நாடுகளிலிருந்து வெப்ப நாடுகளுக்குக் கொண்டுவந்த குதிரைகளில் வெள்ளைக்காரர் காலத்திலேயே இதைக் கண்டிருக்கிறார்கள். நுரையீரல் நன்றாகத்தான் இருக்கும், உடல் சூட்டைத் தணிக்கவே அது அப்படி மூச்சு வாங்குகிறது. உடனே இறங்கி, நிழலில் நிறுத்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஓடி வந்த பிறகு மூக்கில் ரத்தம் தெரிந்தால் தாமதம் வேண்டாம், மருத்துவரை அழையுங்கள்.

செலவில்லாத சோதனை ஒன்றும் உண்டு. மூக்கெலும்பின் மேல் வரும் வாருக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாக நுழைகிறதா? லகானை இழுத்துப் பிடித்து, மோவாய் நெஞ்சில் முட்டும்படி கழுத்தை வளைக்கிறோமா? அப்படி வளைத்தால் தொண்டை குறுகி, நோயில்லாத குதிரையும் சத்தம் போடும். தளர்த்தி ஓட்டிப் பாருங்கள்.

மருத்துவர் வந்து நிற்கும்போது குதிரையும் அமைதியாக நிற்கும், சத்தம் இருக்காது. ஆகவே சத்தம் வரும் நேரத்தில் செல்போனில் படம் பிடித்து வையுங்கள். கால்கள் தெரிய வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும்.

அந்தச் செந்நிறக் குதிரைக்கு அறுவை சிகிச்சை செய்யவில்லை. கதவைத் தையலிட்டுத் திறந்து நிறுத்தலாம்தான், ஆனால் தீவனம் மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு. பந்தயக் குதிரை அல்லவே, அதற்கு வேகம் எதற்கு? இப்போது நடையும் சீரோட்டமும் மட்டும்தான். பயிற்சியாளரும் அன்று தட்டச் சொன்னதற்காக வருந்தினார். அந்தச் சிறுமி அதிலேயே பழகுகிறாள். போன வாரம் பார்த்தபோது, சவாரி முடிந்து இறங்கியதும் குதிரையின் விலாவில் உள்ளங்கையை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நன்றி. வணக்கம்.