துண்டுக்கு அடியில் ஒரு ஃபோட்டான்

குமரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம்.

சின்ன வயதில் பாட்டாவோடு மாட்டுச் சந்தைக்குப் போவேன். தரகரும் அவரும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். “பக்கத்துல நிக்கவனுக்குத் தெரியாதா பாட்டா?” என்று கேட்டேன். “தெரியணும்னா அவன் உள்ள கைய விடணும். விட்டா நமக்குத் தெரிஞ்சிரும்லா?” என்றார்.

விஞ்ஞானிகள் சார்லஸ் பென்னட்டும் ஜில் பிரசாரும் 1984-இல் சொன்ன முறையும் ஏறக்குறைய இதுதான். செய்தியைப் பூட்டித் திறக்கும் ரகசியச் சாவியை ஒளியின் ஆகச் சிறிய துணுக்கான ஃபோட்டான்களில் பிட் பிட்டாக, அதாவது 0, 1 என்று ஒவ்வொன்றாக, ஏற்றி அனுப்புவது. ஒவ்வொன்றின் அதிர்வும் நேராகவோ சாய்வாகவோ இருக்கும். எப்படி அளப்பது என்று நடுவில் நிற்கும் கள்ளனுக்குத் தெரியாது. ஊகித்து அளந்து திருப்பி அனுப்பினால், இரு தரப்பும் ஒத்துப் பார்க்கும் பிட்டுகளில் நாலில் ஒன்று பிழையாகிவிடும். கை பட்டது தெரிந்ததும் அந்தச் சாவியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

சரி, ஒற்றை ஃபோட்டானுக்கு எங்கே போவது? ஒரு மில்லிவாட் சிவப்பு லேசரே நொடிக்குச் சுமார் 3,000 லட்சம் கோடி ஃபோட்டான் கொட்டும். அதை மங்கலாக்கினால் போதாதா? ஓட்டு வீட்டில் மழை விட்ட பிறகு இறவாரம் சொட்டுவதைப் பாருங்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே விழாது, அப்புறம் இரண்டு சொட்டு சேர்ந்து விழும். லேசரும் அப்படித்தான். விட்டு விட்டு அடிக்கும் ஒளித் துடிப்புகளை, சராசரியாகப் பத்துத் துடிப்புக்கு ஒரு ஃபோட்டான் என்று குறைத்தாலும், ஏறக்குறைய இருநூறு துடிப்பில் ஒன்றில் இரண்டு வந்துவிடும். கள்ளன் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டால் துண்டு அசையவே அசையாது. நடுநடுவே வேறு பிரகாசத்தில் பொய்த் துடிப்புகளைக் கலந்து அவனைப் பிடிக்கும் தந்திரம் உண்டு. ஆனால் ஒன்றே ஒன்று தரும் விளக்கு கிடைத்தால் நிம்மதி.

குவாண்டம் புள்ளி அப்படிப்பட்ட விளக்கு. கண்ணுக்குத் தெரியாத அரைக்கடத்தித் துணுக்கு அது. ஒரு தட்டுக்கு ஒரு ஃபோட்டான். அடுத்தது வேண்டுமென்றால் மறுபடி தட்ட வேண்டும். நல்லவை பலவற்றுக்கு மைனஸ் 269 டிகிரி அளவு குளிர் தேவைப்படுகிறது, அதுதான் தொல்லை. ஒன்றுதான் வருகிறதா என்று பார்ப்பது சுலபம். பாதி ஒளியை மட்டும் கடத்தும் கண்ணாடியில் விட்டு, இரு பக்கமும் உணர்கருவி வைப்பார்கள். இரண்டும் சேர்ந்தாற்போல் ‘டிக்’ அடிக்கக் கூடாது.

தூரம் இன்னொரு பாடு. 2022-இல் உத்தரப் பிரதேசத்தில் பிரயாக்ராஜ்–விந்தியாசல் இடையே 100 கிலோமீட்டருக்கு மேல், ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழையான ஃபைபரில் நம் விஞ்ஞானிகள் சாவி அனுப்பிக் காட்டினார்கள். நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலியைத் தாண்டும் தூரம். ஆனால் நல்ல ஃபைபரிலும் 50 கிலோமீட்டருக்குப் பத்தில் ஒன்றுதான் மிஞ்சும். 700 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சென்னைக்கு, நொடிக்கு 100 கோடி ஃபோட்டான் அனுப்பினாலும் நாளுக்கு ஒன்று சேர்ந்தால் பெரிது. நடுவில் பெருக்கவும் முடியாது, பெருக்குவதும் நகலெடுப்பதுதானே. தெரியாத குவாண்டம் நிலையை இயற்கை நகலெடுக்க விடாது. அதனால்தான் சீனா 2016-இல் இதற்கென்றே ஒரு செயற்கைக்கோளை மேலே ஏற்றியது. காற்று மண்டலத்துக்கு வெளியே ஃபோட்டான் தொலைய வழி குறைவு.

நன்றி, வணக்கம்.