பட்டங்களை விடுங்கள், பாட்டைக் கேளுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். டாங்கோ ஆடுகிறவர்களும் சொல்லிக்கொடுக்கிறவர்களும் கூடியிருக்கிற இடம் இது, அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். நம் நடுவில் தற்பெருமை ரொம்ப அதிகமாகிவிட்டது. பயிற்சி முகாம் அறிவிப்பு எதை எடுத்துப் பார்த்தாலும் 'புவெனஸ் ஐரிஸின் அசல் டாங்கோ', 'உலகப் புகழ்பெற்ற மாயெஸ்ட்ரோ' (ஆசான்), 'பழைய மிலோங்கேரோக்களின் (டாங்கோ கூடங்களிலேயே ஆடி வளர்ந்தவர்களின்) ரகசியங்கள்' என்று புகழ் மட்டும் பத்தி பத்தியாக இருக்கிறது, எந்த இசைக்குழுவின் பாட்டை வைத்து என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. புகழைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு வரி இல்லாததுதான் என்னை உறுத்துகிறது.

'அசல்' என்று யாராவது சொன்னால், எந்த அசல் என்று கேளுங்கள். டாங்கோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரியோ டி லா பிளாட்டா ஆற்றின் இரண்டு கரைகளிலும், அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸிலும் உருகுவேயின் மான்டிவிடியோவிலும், ஆப்பிரிக்க வம்சாவளியினரும் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த ஏழைகளும் உள்நாட்டுக் கிராமத்தாரும் கலந்து வாழ்ந்த பேட்டைகளில் உருவானது. அதன் குரலாகவே ஆகிவிட்ட பாண்டோனியோன், துருத்தியை இழுத்து வாசிக்கிற பெட்டி, ஜெர்மனியிலிருந்து வந்த கருவி. 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் டாங்கோவைச் சேர்த்தபோது அர்ஜென்டினா, உருகுவே இரண்டு நாடுகளின் பெயரிலும்தான் சேர்த்தார்கள். பிறப்பிலேயே கலப்பான ஒன்றுக்கு ஒரே ஒரு சுத்தமான வடிவம் இருக்கிறது, அது என்னிடம்தான் இருக்கிறது என்று ஒருவர் சொல்வதை எப்படி ஏற்பது? 1940களில் ஆடியவர்களே பேட்டைக்குப் பேட்டை வேறு மாதிரி ஆடினார்கள். நீளமாக நடந்தவர்களும் உண்டு, நெரிசலில் நெருக்கமாகச் சின்ன அடி வைத்தவர்களும் உண்டு. அந்த நெருக்கமான ஆட்டத்தை இன்று 'மிலோங்கேரோ பாணி' என்று நாம் சொல்வதுகூட 1990களில் வகுப்புகள் வழியாகப் பரவிய பெயர். பாடம் நடத்த ஒரு பெயர் வேண்டும், சரி. அதையே வம்சப் பத்திரம் மாதிரி நீட்டும்போதுதான் தகராறு.

ஆனால் அசல் என்று ஒன்றுமே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. அது இசையில் இருக்கிறது. 1935 முதல் 1955 வரையிலான பொற்காலத்துப் பதிவுகள் நம் கையில் அப்படியே இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் கேட்கலாம், யாருடைய ஆட்டம் அதற்குப் பொருந்துகிறது என்று யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். எந்த மாயெஸ்ட்ரோவின் சிபாரிசும் வேண்டாம்.

அந்தக் காலத்து இசைக்குழுத் தலைவர்கள் நான்கு பேரைச் சொல்கிறேன். முதலில் தாரியென்சோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1935 கடைசியில் பியாஜி அவருடைய குழுவில் பியானோவுக்கு வந்ததும் தாளம் கூர்மையாகிறது, மற்ற கருவிகள் வரியை முடித்து மூச்சுவிடுகிற இடத்தில் பியானோ குறும்பாக உள்ளே புகுந்து அடுத்த வரிக்குத் தள்ளிவிடுகிறது. அந்த இடத்தில் உங்கள் பாதம் சும்மா இருக்காது. அப்புறம் தி சார்லி. வயலின்கள் நீளமாக இழைகின்றன, அடியில் அவருடைய பியானோ ஒரு வரியை அடுத்ததோடு கோத்துக்கொண்டே போகிறது, அதற்கு நடந்தாலே போதும், நன்றாக நடக்க வேண்டும், அவ்வளவுதான், அதுதான் கஷ்டமும். டிரோய்லோ குழுவில் ஃபியொரென்டினோ பாடும்போது குரல் தாளத்துக்கு மேலே கொஞ்சம் முன்னும் பின்னுமாக மிதக்கும், ஆடுகிறவர் குரலைப் பிடிக்கலாம் அல்லது அடியில் ஓடும் தாளத்தைப் பிடிக்கலாம், நடுவில் மாறவும் செய்யலாம். புக்லியேசே இன்னொரு உலகம். 1946இல் பதிவான 'லா யும்பா'வில் முதல் அடியும் மூன்றாம் அடியும் இழுத்து அழுத்தி விழுகின்றன, வேறு பல இடங்களில் காலமே நீண்டு கொடுத்துத் திரும்பச் சுருங்குகிறது. எண்ணிக்கொண்டு ஆடுகிறவர் அங்கே தொலைந்துபோவார்.

இந்த நான்கு பேருக்கும் ஒரே எட்டு அடி, ஒரே வேகம், ஒரே இடத்தில் ஒரே கால்வீச்சு என்று ஒருவர் ஆடினால், அவர் எத்தனை நாடுகளில் முகாம் நடத்தியிருந்தாலும், இசையைக் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு அடி வைப்பதையும் இசையறிவு என்று நினைத்துவிடாதீர்கள். 'மியூசிக்காலிட்டி' வகுப்பு என்ற பெயரில் இரட்டை வேகத்தில் ஓடவைத்து அனுப்பிவிடுகிறார்கள். எங்கே நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், அணைப்பில் இருக்கிற மற்றவருக்கும் அதே இடம் கேட்டதா என்பதற்கு அந்த வகுப்புகளில் நேரமே ஒதுக்குவதில்லை. பின்தொடர்ந்து ஆடுகிறவருக்கும் காது இருக்கிறது, ஐயா! அவர் ஒரு அடியைத் தாமதமாக முடிக்கிறார் என்றால் அங்கே அவர் எதையோ கேட்கிறார். அதற்கு இடம் கொடுக்காமல் இழுத்துக்கொண்டு போகிறவர் பாதிப் பாட்டைத்தான் ஆடுகிறார்.

இவ்வளவு பெருமை பேசுகிற வழக்கம் எங்கிருந்து வந்தது? என் கணக்கில் இதற்குக் காரணம் வெறும் கர்வம் இல்லை. 1983இல் பாரிஸிலும் 1985இல் நியூயார்க்கின் பிராட்வேயிலும் 'டாங்கோ அர்ஜென்டினோ' என்ற நடன நிகழ்ச்சி மேடையேறியபோது உலகம் முழுக்க டாங்கோ ஆசை மறுபடி கிளம்பியது. அது நமக்குக் கிடைத்த பெரிய கொடை. ஆனால் பலருடைய மனதில் முதலில் பதிந்தது மேடை ஆட்டம். இப்போது மேடையின் இடத்தில் கேமரா இருக்கிறது. நெருங்கிய அணைப்பில் மார்பு வழியாக ஒரு சின்ன நிறுத்தம் கடத்தப்படுவதைக் கேமரா பிடிக்காது, காற்றில் உயரப் போகும் காலைப் பிடிக்கும். கண்ணில் படுவதற்குத்தான் கூட்டம் சேரும் என்றால் சொல்லித்தருகிறவர் எதை வளர்ப்பார்? அதே காலை நெரிசலான மிலோங்காவில், அதாவது எல்லாரும் கூடி ஆடுகிற டாங்கோ கூடலில், வீசினால் பக்கத்தில் ஆடுகிறவரின் கணுக்கால் கிழியும்.

பட்டங்களையும் நான் குறைத்துப் பேசவில்லை. புவெனஸ் ஐரிஸில் 2003 முதல் நடக்கிற உலகப் போட்டியில் ஜெயிப்பதற்குப் பின்னால் பல வருட உழைப்பு இருக்கிறது. அங்கே மிலோங்காவில் ஆடுவது போன்ற தளத்து ஆட்டமும் மேடை ஆட்டமும் தனித்தனிப் பிரிவுகள் என்பதையாவது அறிவிப்பில் சொல்லுங்கள். ஒரு மேதையிடம் சில தனி வகுப்புகள் எடுத்துக்கொண்டதைச் 'சீடர்' என்று எழுதாதீர்கள். ஆசிரியர்களும் சாப்பிட வேண்டும், விளம்பரம் செய்யத்தான் வேண்டும், உண்மையை எழுதினாலே ஆட்கள் வருவார்கள் என்று நான் நம்புகிறேன்.

கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காணொளியைப் பார்த்து ஆசிரியரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர் மிலோங்காவுக்கு வரும்போது பாருங்கள். தளத்தைச் சுற்றி நகர்கிற ஜோடிகளின் வட்டத்தில் தன் இடத்தில் இருந்துகொண்டு ஆடுகிறாரா, முன்னால் போகிறவரை இடிக்காமல் காத்திருக்கிறாரா, புதிதாக வந்தவரோடு ஒரு முழுத் தாண்டா (தொடர்ந்து வரும் மூன்று நான்கு பாட்டு) ஆடுகிறாரா, இசைக்குழு மாறினால் அவர் நடையும் மாறுகிறதா. வகுப்பில் தயங்காமல் கேளுங்கள்: இந்த அடியைத் தி சார்லிக்கு எப்படி வைப்பீர்கள், தாரியென்சோவுக்கு எப்படி? நல்ல ஆசிரியருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

விழா நடத்துகிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. விருந்தினர் ஜோடி தனியாக ஆடிக்காட்டுவதற்கு முன்னால் அவர்களுடைய பட்டங்களை நீளமாக வாசிக்கிறீர்கள் அல்லவா, அதற்குப் பதிலாக அவர்கள் ஆடப்போகிற பாட்டின் பெயர், இசைக்குழு, பாடகர், பதிவான வருடம் இவற்றை வாசியுங்கள். ஜோடியின் பெயரை அதற்கு அப்புறம் சொல்லலாம். அடுத்த விழாவிலேயே இதைச் செய்து பாருங்கள். நன்றி.