டி.சி. வாங்கிப் போவதற்கு முன்னால்

(மாணவர் சங்க மாநில மாநாட்டில் கல்லூரிக் கிளைப் பொறுப்பாளர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, வணக்கம். காலையிலிருந்து பேசியவர்கள் மாநிலக் குழு எப்படி இயங்க வேண்டும், அடுத்த பேரணி எங்கே என்றெல்லாம் பேசினார்கள். வேண்டியதுதான். நான் கிளையைப் பற்றிப் பேசுகிறேன்.

தொழிற்சங்கத்தில் ஒருவர் சேர்ந்தால் முப்பது வருடம் இருப்பார். நம்மிடம் சேருகிறவர் மூன்று வருடத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதிலும் முதல் வருடம் பயத்திலேயே போய்விடும், கடைசி வருடம் ப்ராஜெக்ட், இன்டர்வியூ, வீட்டில் அழுத்தம், ஆக உருப்படியாக நமக்குக் கிடைப்பது நடுவில் இருக்கிற ஒரு வருடம். இந்தக் கணக்கை மனதில் வைக்காமல் 38 மாவட்டத்துக்கும் என்ன திட்டம் போட்டாலும் நிற்காது.

நான் கிளைச் செயலாளராக இருந்தபோது எங்கள் கல்லூரியில் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டியவர்களுக்கு மாதக்கணக்கில் ரிசல்ட் வரவில்லை. அடுத்த செமஸ்டருக்குத் திரும்பவும் அதே பேப்பருக்குக் கட்டணம் கட்டச் சொன்னார்கள். நாங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, கோடு போட்டு, பதிவு எண், பேப்பர் குறியீடு, சலான் எண், கட்டிய தேதி என்று ஒவ்வொருவராக உட்கார வைத்து எழுதினோம். கோஷம் போட்டபோது வாட்ச்மேனைத்தான் அனுப்பினார்கள். நோட்டோடு போனபோது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரே நாற்காலி போடச் சொன்னார். இரண்டு வாரத்தில் ரிசல்ட் வந்துவிட்டது.

அப்புறம் நான் படிப்பை முடித்து ஊருக்குப் போனேன், அந்த நோட்டும் என் டிரங்குப் பெட்டியில் என்னோடு வந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து அதே கல்லூரியில் அதே பிரச்சினை. அன்றைய கிளைத் தோழர்களுக்கு யாரைப் பார்ப்பது, எதைக் கேட்பது, முன்பு என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று ஒன்றுமே தெரியவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தார்கள், பாதியில் நின்றுபோனது. அது என் தவறு. இன்றும் உறுத்துகிறது.

நம் மண்ணில் மாணவர் இயக்கம் சின்ன விஷயத்திலிருந்துதான் பெரிதாகியிருக்கிறது. 1943-ல் கும்பகோணம் அரசு கல்லூரியில் பார்ப்பன மாணவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றவர்களுக்கு வேறு பானை. அந்தப் பானைச் சண்டையிலிருந்துதான் திராவிட மாணவர் கழகம் பிறந்தது. 1965 ஜனவரியில் மதுரையில் பற்றிய இந்தி எதிர்ப்புத் தீ மாநிலம் முழுக்கப் பரவியது, 27-ம் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு உயிரைக் கொடுத்தார். அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்ற மாணவர் தலைவர் பெ.சீனிவாசன்தான் 1967-ல் விருதுநகரில் காமராஜரை 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அன்று ஒரு கல்லூரியில் கேட்ட குரலை அடுத்த கல்லூரியில் எடுத்துச் செல்ல ஆள் இருந்தார்கள்.

2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டத்தையும் பார்த்தோம். நானும் அங்கே இருந்தேன், அந்த மணலில் படுத்துத் தூங்கிய இரவை மறக்க முடியாது. ஜல்லிக்கட்டுக்குச் சட்டம் வந்தது. கலைந்த மறுநாள் அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட யாரிடமும் ஒரு பெயர்ப் பட்டியல் இல்லை. கூட்டம் சேர்வது வேறு, அமைப்பு வேறு என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

சரி, 'கேம்பஸில் அரசியல் கூடாது, லிங்டோ கமிட்டியே சொல்லியிருக்கிறது' என்று நிர்வாகம் சொல்லும். மாணவர் தேர்தல் பற்றிய அந்தக் கமிட்டியின் அறிக்கையை ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். உச்ச நீதிமன்றம் 2006-ல் ஏற்றுக்கொண்ட பரிந்துரைகள் அவை. மாணவர் பேரவைத் தேர்தலை நடத்தச் சொல்லித்தான் அதில் இருக்கிறது. வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, 75 சதவீத வருகை வேண்டும், கட்சிப் பணம் வாங்கக் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். வரம்பை மட்டும் எடுத்துக்கொண்டு தேர்தலை விட்டுவிட்டார்கள், நம் மாநிலத்தில் பெரும்பாலான கல்லூரிகளில் தேர்தலே கிடையாது. சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவில் இருக்கிறது. இந்த இரண்டின் நகலும் ஒவ்வொரு கிளைச் செயலாளரின் பையில் இருக்க வேண்டும்.

முதலாமாண்டுக்கு வருகிறவரிடம் போனதும் உறுப்பினர் ரசீதை நீட்டாதீர்கள். கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் ஜாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு என்று எங்கே தடுக்கிறதோ அங்கே கூட உட்காருங்கள். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கச் சொல்லும் அரசாணை 92 என்று ஒன்று இருப்பதே தெரியாமல் கட்டணத்துக்குத் தாலியை அடகு வைத்த தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மகனோ மகளோ ரசீதைத் தானே கேட்டு வாங்குவார்.

மாணவிகள் வருவதில்லை என்று எல்லா மாவட்ட அறிக்கையிலும் எழுதியிருக்கிறீர்கள். கூட்டத்தை மாலை ஆறரைக்கு டீக்கடைப் பின்னால் வைத்தால் எப்படி வருவார்கள்? விடுதி கேட்டை ஆறு மணிக்கே பூட்டிவிடுகிறார்கள், வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே கடைசி பஸ். மதியச் சாப்பாட்டு நேரத்தில், கல்லூரி மரத்தடியில், அரை மணி நேரம் வையுங்கள். நிகழ்ச்சி நிரலையும் அவர்களே எழுதட்டும். கழிவறை, தண்ணீர், பேருந்து என்று நாம் ஒரு வருடமாகப் பேசாததெல்லாம் முதல் கூட்டத்திலேயே வரும்.

இறுதியாண்டுத் தோழர்களே, கிளை நோட்டும் ரசீதுப் புத்தகமும் உங்கள் பெட்டியில் ஊருக்குப் போகக் கூடாது. மாவட்டச் செயலாளர்கள் இன்று கலைவதற்கு முன், அவற்றை வாங்கி வைத்துக்கொள்ள கிளைக்கு இரண்டு பேர், இரண்டாமாண்டில் இருந்து, அதில் ஒருவர் மாணவி, பெயரும் போன் நம்பரும் எழுதி மேடைக்கு வலது பக்கம் இருக்கிற மேஜையில் கொடுத்துவிடுங்கள். பேனா அங்கேயே இருக்கிறது.