பூட்டு போட்ட ஒரு பீரோ

(படம் திரையிட்ட மறுநாள் மாலை வியாசர்பாடியில் பேசியது. நண்பர்கள் கேட்டதால் எழுதிப் போடுகிறேன்.)

தலைவர் அவர்களே, ஆறு மணிக்கே வந்து கொசுக்கடியில் உட்கார்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, மைக் செட்டுக்குத் தன் கடையிலிருந்து கரண்ட் இழுத்துக் கொடுத்த மருந்துக்கடை அண்ணாச்சி அவர்களே (இவரை விட்டுவிட்டால் பேச்சு பாதியில் நின்றுவிடும்), பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த பெரியவர்களே, வணக்கம்.

படம், ராணுவம், நம்ம பெரியவர்கள் என்று மூன்று விஷயம் பேசுவதாக நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

நேற்று இங்கே திரை கட்டிப் போட்ட 'மச்சூக்கா' 2004-இல் ஆந்த்ரேஸ் வூத் எடுத்த சிலி நாட்டுப் படம். 1973 செப்டம்பர் 11 அன்று அங்கே ராணுவம் அதிபர் ஆயெந்தேயின் ஆட்சியைக் கவிழ்த்தது. ஆனால் படம் முழுக்க இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள்தான், ஒருவன் வசதியான வீட்டுப் பிள்ளை, இன்னொருவன் குடிசைப் பையன். குடிசைகளுக்குள் ராணுவம் புகுந்து அடிக்கும்போது வசதியான பையன் சிப்பாயிடம், நான் இந்த இடத்துக்காரன் இல்லை, என்னைப் பாருங்கள் என்கிறான். சிப்பாய் மேலும் கீழும் பார்க்கிறான். நல்ல ஷூ. விட்டுவிடுகிறான். பின்வரிசையில் ஒரு பாட்டி "அடப்பாவி" என்றது எனக்குக் கேட்டது.

அந்தப் பாட்டிக்குச் சிலி தெரியாது, ரங்கூன் தெரியும். 1962 மார்ச் 2-இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது, மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள்.

எங்க தாத்தாவுக்கு அங்கே மளிகைக் கடை. கடை போய், கையிலிருந்த நோட்டும் காகிதமான அந்த ராத்திரி, மனுஷன் பாயை விரித்து, அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து, எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக எண்ணினாராம். "செல்லாத காசை எதுக்கு எண்ணுறீக?" என்று அப்பத்தா கத்த, "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்" என்றாராம். 4,350 கியாட். கடைக் கணக்கு நோட்டிலேயே எழுதி வைத்தார். கப்பலேறும்போது சோதனை போட்டவர்கள் அப்பத்தாவின் தோட்டைக் கழற்றிக்கொண்டார்கள், நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு 'வெறும் கணக்கு' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்! மதராஸ் துறைமுகத்தில் இறங்கியபோது எங்கள் சொத்து அந்த நோட்டும் ஒரு தூக்குவாளியும்தான். (இங்கே கை தட்டினார்கள், நானும் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொண்டேன்.)

சரி, இதை ஏன் சொல்கிறேன்? சிலிக்காரன் படமே எடுத்துவிட்டான். நாம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையையும் பர்மா பஜாரையும் காட்டிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறோம். கப்பல் டிக்கெட், அகதிச் சான்று, பர்மாவில் எடுத்த குடும்பப் போட்டோ எல்லாம் பரணில் கரையான் தின்னுகிறது. போன மழையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் டிரங்குப் பெட்டியோடு மூழ்கிப்போனது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்கிறோம், நாம் அளக்காமலே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

மாமன்ற உறுப்பினர் அவர்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நூலகத்தில் பூட்டு போட்ட ஒரு பீரோ, ஒரு ஸ்கேனர். வீட்டுக்காரர்களிடம் அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகலை மட்டும் வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் மேசை போட்டிருப்பேன், உங்கள் பெட்டியோடு வாருங்கள்.

ராணுவத்தைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் சீட்டு நீட்டிவிட்டார். முதல் நகல் தாத்தாவின் கணக்கு நோட்டு. நன்றி, வணக்கம்.