திதிக்குக் கிளம்பிய விமானம்

நேயர்களுக்கு வணக்கம்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. மறுநாள் அப்பாவின் திதி. பாரீஸிலிருந்து தங்கச்சி கிளம்பிவிட்டாள். பிற்பகலில் சென்னையில் இறங்கி, ராத்திரி சாப்பாட்டுக்குப் புதுச்சேரி ரெயின்போ நகர் வீட்டுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கியதால் மத்தியானமே சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். சாயங்காலம் போன்: "அண்ணே, பெங்களூர்ல இறக்கி விட்டுட்டாங்க. அம்மாகிட்ட இப்ப சொல்லாதே."

சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராத்திரி முழுக்கக் கொட்டியது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேல். காலையில் தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, ஐயரும் வர வழியில்லை. அம்மா மெழுகுவத்தி ஏற்றி, அப்பா படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறும் வாழைக்காய்ப் பொரியலும் மட்டும் வைத்துக் கும்பிட்டார். பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வரலாமென்றால், வழியில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை, நிறுத்தியிருந்த வண்டிகளையே வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. தங்கச்சி வந்து சேர்ந்தது செவ்வாய்க்கிழமை.

சென்னை விமான நிலையத்துக்கு இது புதிதும் இல்லை. அதன் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் போட்டுப் போகிறது. 2015 டிசம்பரில் ஆறு உள்ளே வந்து, நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானம் விட்டார்கள். 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் ஓடுபாதையில் தண்ணீர்.

விமானப் புகைதான் ஃபெஞ்சலைக் கிளப்பியது என்று நான் சொன்னால் அது புளுகு. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் ஏழு சதவீதம் கூடுதலாக ஈரம் தாங்கும், மழையும் அப்படிப் பெய்யும். அந்தச் சூட்டில் விமானத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

விமானத்தில் எரிவது, ஒருகாலத்தில் ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கினோமே, அந்தச் சீமெண்ணெய்க்கு அண்ணன் முறை. அதில் ஒரு கிலோ எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேல் கரியமிலவாயு வரும். ஒரு கிலோ எப்படி மூன்றாகும்? காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனும் சேர்ந்துகொள்கிறது, அதனால்தான். சென்னைக்கும் பாரீஸுக்கும் 8,000 கிலோமீட்டர். போய்வர, ஓர் ஆள் கணக்கில் ஒரு டன்னைத் தாண்டும். சராசரி இந்தியர் ஒருவர் வருஷம் முழுக்க வெளியேற்றுவது ஏறக்குறைய இரண்டு டன்.

அப்புறம், வானத்தில் தெரியும் வெள்ளைக் கோடு. சின்ன வயசில் "ராக்கெட் போகுது" என்று கத்துவோமே, அதேதான். எஞ்சினிலிருந்து வரும் நீராவி மேலே குளிரில் உறைந்து பனித்துகளாகிறது. சில நேரம் அது பரவி மெல்லிய மேகமாகவே நின்று, பூமியின் சூட்டை வெளியே போகவிடாமல் போர்த்திக்கொள்ளும். ராத்திரியில் இது இன்னும் மோசம். வெயிலைத் திருப்பி அனுப்பும் வேலையும் அப்போது அதற்கு இல்லை.

உலகக் கரியமிலவாயுவில் விமானங்களின் பங்கு இரண்டரை சதவீதம்தானே என்பார்கள். சரி, யாருடைய இரண்டரை? 2018-இல் உலக மக்களில் பத்தில் ஒருவர்தான் விமானம் ஏறியிருப்பார் என்கிறது ஓர் ஆய்வு. புயலென்றால் படகை மேடேற்றிவிட்டு வருமானமில்லாமல் உட்கார்ந்திருக்கும் வம்பாகீரப்பாளையத்துக்காரரும், தேவனாம்பட்டினத்துக்காரரும் மீதி ஒன்பது பேரில்தான் பெரும்பாலும் இருப்பார்கள்.

அதற்காக, பாரீஸில் பிள்ளைகள் இருக்கிற புதுச்சேரி அம்மாக்களிடம் போய் விமானமே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. திதிக்கு வருவது ஒன்று, அரைமணி நேரக் கூட்டத்துக்குக் காலையில் டெல்லி பறந்து ராத்திரி திரும்புவது வேறொன்று. இரண்டாம் ரகத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சமும் இரக்கமில்லை. பிரான்சில் 2023-இல், இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய சில உள்நாட்டுத் தடங்களில் விமானத்தை நிறுத்தியே விட்டார்கள். தடங்கள் குறைவுதான், ஆனாலும் செய்தார்கள்.

தங்கச்சி முன்பெல்லாம் வருஷத்துக்கு இரண்டு தடவை, பத்துப் பத்து நாள் வந்து போவாள். போன வருஷம் திதியையும் அக்கா மகன் கல்யாணத்தையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொண்டு, நாற்பது நாள் இருந்துவிட்டுப் போனாள். நாற்பதாவது நாள் அம்மா கேட்டார்: "இன்னும் ஒரு வாரம் லீவு கிடைக்காதா?"

வணக்கம்.