மென்பொருளை மாற்றுவதா, நடைமுறையை மாற்றுவதா? திருப்பூர் நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரக் கேள்வி திருப்பூரிலிருந்து வந்திருக்கிறது. பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார். கொள்முதல், கையிருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மென்பொருளை ஈ.ஆர்.பி. என்பார்கள். பல ஆண்டுகளாக அலுவலக சர்வரில் ஓடிய ஈ.ஆர்.பி.யை விட்டுவிட்டு, இணையம் வழியாகச் சந்தாவுக்குக் கிடைக்கும் கிளவுட் ஈ.ஆர்.பி.க்கு அவர்கள் மாற இருக்கிறார்கள். அதை நிறுவித் தரும் ஆலோசகர், மென்பொருளின் போக்கிலேயே வேலை செய்யுங்கள் என்கிறார். அலுவலகத்திலுள்ளவர்களோ, மென்பொருளில் செய்ய வேண்டிய மாற்றங்கள் என்று மூன்று பக்கப் பட்டியல் ஒன்றைத் தயாரித்திருக்கிறார்கள். இருவரில் யார் சொல்வது சரி என்பது கேள்வி. பட்டியலையும் இணைத்திருந்தார். உண்மையில் என்னைப் பிடித்துக்கொண்டது கேள்வியைவிட அந்தப் பட்டியல்தான்.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்குச் சலித்துப்போயிருக்கும் என் வாடகை வீட்டு உவமையை இங்கே மீண்டும் சொல்லித்தான் ஆக வேண்டும். சொந்த சர்வரில் இருந்த மென்பொருள் சொந்த வீடு, கிளவுட் மென்பொருள் வாடகை வீடு. வாடகை வீட்டில் சுவரை இடிக்க முடியாது. இவ்வளவு எல்லோருக்கும் தெரியும். பலரும் மறந்துவிடுவது, இந்த வீட்டின் உரிமையாளர் ஆண்டுக்குச் சில முறை ஆட்களோடு வந்து குழாய்களையும் கம்பிகளையும் மாற்றிவிட்டுப் போவார் என்பதையும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை நமக்கு அநேகமாக இல்லை என்பதையும்தான். இப்படிப்பட்ட கிளவுட் மென்பொருள்களில் ஆரக்கிள் ஃபியூஷன் ஆண்டுக்கு 4 முறை புதுப்பிக்கப்படுகிறது, சேல்ஸ்ஃபோர்ஸ் 3 முறை, எஸ்.ஏ.பி.யின் எஸ்/4ஹானா பொதுக் கிளவுட் 2 முறை. நீங்கள் கேட்டு வாங்கும் ஒவ்வொரு தனி மாற்றத்தையும் அந்த ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஆகவே ஆலோசகர் மாற்றத்துக்குத் தரும் விலைப்பட்டியல் அதன் முழு விலை அன்று, முன்பணம் மட்டுமே.

எல்லா மாற்றமும் ஒரே வகை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரி விகிதம், ஒப்புதல் வரம்பு, ரசீது வடிவம் போன்றவற்றை மென்பொருள் தரும் அமைப்புகளிலேயே மாற்றலாம். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மென்பொருளுக்கு வெளியே தனியாக ஒரு சிறு செயலியை எழுதி, மென்பொருள் நிறுவனமே அறிவித்திருக்கும் ஏ.பி.ஐ. (இரண்டு மென்பொருள்கள் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான வாசல்) வழியாக இணைப்பது இரண்டாவது வகை; கவனத்தோடு செய்தால் நிற்கும். மென்பொருளின் அடிப்படை ஓட்டத்தையே நமக்காக வளைக்கச் சொல்வது மூன்றாவது வகை. சங்கடம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

இதற்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 1999 முதல் எஸ்.ஏ.பி. மென்பொருளைப் பயன்படுத்திவந்த அந்த மாநகராட்சி, தன் பழக்கங்களுக்கு ஏற்ப அதை ஆண்டுக்கணக்கில் வளைத்து வைத்திருந்தது. ஆரக்கிள் ஃபியூஷனுக்கு மாறத் தீர்மானித்தபோது, மென்பொருளின் நடைமுறையையே ஏற்றுக்கொள்வது என்பதுதான் முதலில் வகுத்த கொள்கை. வேலை நடக்க நடக்க அந்தக் கொள்கை தளர்ந்தது. வங்கிக்கு வந்துசேரும் பணம் எந்த வரிக்கு, எந்தக் கட்டணத்துக்கு உரியது என்று ஒப்பிட்டு வரவு வைக்கும் வங்கிச் சரிபார்ப்புப் பகுதியைத் தங்களுக்கென்றே தனியாக அமைக்கச் செய்தார்கள். 2022 ஏப்ரலில் புதிய அமைப்பு ஓடத் தொடங்கியபோது அந்தப் பகுதி சரியாக வேலை செய்யவில்லை. ஊழியர்கள் வரவுகளைக் கையால் பிரித்துப் போட வேண்டியதாயிற்று. ஆண்டுக் கணக்கை முடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஏறத்தாழ 2 கோடி பவுண்டு என்று தொடங்கிய மதிப்பீடு 10 கோடி பவுண்டை நோக்கிப் போனது. 2023 செப்டம்பரில் மாநகராட்சி, அவசியமற்ற புதிய செலவுகளை நிறுத்தும் 114-ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டது. அதற்கு முதன்மைக் காரணம் பெண் ஊழியர்களின் சம ஊதியக் கோரிக்கைகள். ஆரக்கிள் செலவு அதனோடு சேர்ந்துகொண்டது. எனவே, ஒரு மென்பொருள் ஒரு மாநகராட்சியையே திவாலாக்கியது என்று சிலர் சொல்வது மிகை. ஆனால் அதன் பிறகு அவர்கள் எடுத்த முடிவு கவனிக்கத் தக்கது: தனி மாற்றங்களைக் கைவிட்டு, ஆரக்கிளை அதன் இயல்பான வடிவிலேயே மறுபடியும் நிறுவுவது. முதல் நாள் வகுத்த கொள்கைக்கே, பெரும் விலை கொடுத்துத் திரும்பிவந்தார்கள்.

ஜெர்மனியின் லிடில் கடைகளின் கதையைப் பழைய காணொளி ஒன்றில் விரிவாகப் பேசியிருக்கிறேன். கையிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுவது அவர்கள் வழக்கம், எஸ்.ஏ.பி.யின் சில்லறை வணிக மென்பொருள் இயல்பாக விற்பனை விலையில் மதிப்பிடும். வழக்கத்தை விட மனமில்லாமல் மென்பொருளை மாற்றத் தொடங்கியவர்கள், 2011-இல் ஆரம்பித்த திட்டத்தை 2018-இல், ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவான பிறகு நிறுத்தினார்கள். கடையில் பால் வாங்க வருபவருக்குக் கையிருப்பு எந்த விலையில் மதிப்பிடப்படுகிறது என்பது தெரியவும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

இப்போது நேயரின் பட்டியலுக்கு வருகிறேன். கொள்முதல் ஆணை மூன்று பேரிடம் ஒப்புதலுக்குப் போக வேண்டும், அவர்களில் இருவர் ஒரே அறையில் இருந்தாலும் தனித்தனியாகப் போக வேண்டும் என்று ஒரு கோரிக்கை இருக்கிறது. பழைய மென்பொருளின் ஸ்டாக் அறிக்கை எந்த வரிசையில் அச்சானதோ அதே வரிசையில் வேண்டும் என்று இன்னொன்று. பட்டியலில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கிறது. சரக்கு வாங்குபவர் எவரும் இவற்றைக் கவனிக்கப்போவதில்லை.

ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "டையிங் லாட் வாரியாக ஜாப் ஒர்க் கணக்கு." இது வேறு இனம். டையிங் லாட் என்பது ஒரே தடவையில் சாயம் ஏற்றிய துணித் தொகுதி; ஜாப் ஒர்க் என்பது வெளி ஆலைகளுக்குக் கொடுத்துச் செய்விக்கும் வேலை. கிலோக் கணக்கில் நூலாகப் போவது, நிட்டிங்கில் துணி ரோலாகி, டையிங்கில் ஷேடும் (நிறச்சாயலும்) எடையும் மாறி, துணி பிறகு சுருங்காதபடி இறுக்கும் காம்பாக்டிங் கடந்து, கட்டிங்குக்குப் பிறகு பீஸ் கணக்காகிறது; இந்த ஒவ்வொரு கட்டமும் வேறு வேறு ஆலையில், டெலிவரி சலானின் பேரில் நடக்கிறது. ஒரு சட்டையின் உடலும் கையும் வேறு வேறு லாட்டிலிருந்து வந்து ஷேடு மாறினால், வெளிநாட்டு வாங்குபவர் சரக்கைத் தள்ளிவிடுவார். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே வழங்கியதாகக் கருதி ஜி.எஸ்.டி. கேட்பார்கள். பொதுவான ஈ.ஆர்.பி.யின் ஜாப் ஒர்க் பகுதி இவ்வளவு நீண்ட சங்கிலியை நினைத்து எழுதப்பட்டிருக்காது. இதை விட்டுக்கொடுங்கள் என்று சொல்லும் ஆலோசகருக்குத் திருப்பூர் தெரியவில்லை என்றுதான் பொருள்.

ஆகவே, யார் சரி என்ற கேள்விக்குப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனிப் பதில் உண்டு. நேயர் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது இன்னொன்று என்று எனக்குத் தோன்றுகிறது: எங்கள் நிறுவனத்தில் ஒரு நடைமுறையை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? நான் பார்த்த வரையில், மென்பொருளை மாற்றுங்கள் என்ற கோரிக்கைகளில் பல, இரண்டு துறைகளுக்கு இடையே தீராமல் கிடக்கும் வழக்குகள். ஒப்புதல் மூன்று பேரிடம் போவது, அந்த மூவரில் எவரையும் விலகிக்கொள்ளச் சொல்ல யாருக்கும் துணிவில்லாததால். கிடங்குப் பொறுப்பாளரிடம் முதலாளி பத்து நிமிடம் பேசித் தீர்க்க வேண்டியதை, புரோகிராமர் பல வாரம் எழுதித் தீர்க்கிறார். பிறகு ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அது உடைந்திருக்கிறதா என்று யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். முடிவெடுக்காமல் விட்டதற்கு மாதச் சந்தா கட்டுவதுதான் இது.

எனவே அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்களைச் சேருங்கள். முதல் கட்டத்தில், இந்த மாற்றம் இல்லாவிட்டால் எந்த ஆர்டர் அல்லது எந்தச் சட்டத் தேவை பாதிக்கப்படும் என்று எழுதுங்கள். அது காலியாக இருக்கும் வரிகளை உங்கள் நிர்வாக இயக்குநர் முன்னிலையில், துறைத் தலைவர்கள் எல்லோரும் இருக்கும்போது அடியுங்கள், ஆலோசகரிடம் கொண்டுபோகாதீர்கள். இரண்டாவது கட்டத்தில், ஒவ்வொரு புதுப்பிப்புக்கு முன்பும் சோதனைத் தளத்தில் இதை ஓட்டிப் பார்க்கப்போகும் ஊழியரின் பெயரை எழுதுங்கள். பெயர் எழுத முடியாத மாற்றத்தைச் செய்யவே வேண்டாம். டையிங் லாட் கணக்கை ஈ.ஆர்.பி.க்குள் திணிக்காமல் தனிச் செயலியாக வைத்து, சலான் எண், லாட் எண், எடை ஆகியவற்றை மட்டும் இரண்டுக்கும் இடையே பரிமாறிக்கொள்ளும்படி கேளுங்கள். அதற்கு ஆலோசகர் தரும் மதிப்பீட்டில் ஆண்டுப் பராமரிப்புத் தொகை தனி வரியாக இருக்கிறதா என்று, கையெழுத்திடுவதற்கு முன் பாருங்கள்.