எந்த ஊர் என்பதற்கு முன், யாரிடம்?

(ஈரோட்டில் முதுகலை மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம். பாலினம், சாதி, பழங்குடிகள், நாட்டார் பண்பாடு என்று முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். கூடவே எல்லோரும் கேட்டிருப்பது, எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று. அது இரண்டாவது கேள்வி. யாரிடம் செய்யப் போகிறீர்கள்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி ஒரு பேராசிரியரிடம் ஒரே சமயத்தில் 8 பேர்தான் இருக்கலாம். இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. ஓய்வுக்கு 3 ஆண்டுகூட இல்லாதவர் புதிதாக யாரையும் சேர்க்க முடியாது. அதனால் பெரிய பெயர் இருக்கும், இடம் இருக்காது. சரி, இடம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். சோத்கங்கா தளத்தில் அவர் நெறிப்படுத்திய ஆய்வேடுகள் கிடைக்கும், இரண்டு மூன்றைப் புரட்டுங்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலிருந்தால் யோசியுங்கள். அப்புறம், முடித்துப் போனவர்களிடம் பேசுங்கள். எழுதிக் கொடுத்த இயலை எத்தனை மாதம் கழித்துத் திருப்பித் தருவார்? பேங்க் வேலை, வீட்டு வேலை சொல்வாரா? பெண்பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்வார்? இதெல்லாம் எந்த விவரக் குறிப்பிலும் வராது.

அடுத்தது துறை. திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண்களைப் பற்றிய ஆய்வை மகளிரியலிலும் செய்யலாம், சமூகவியலிலும் செய்யலாம். திருச்சி பாரதிதாசனில் மகளிரியல் துறை உண்டு. கொடைக்கானலில் பெண்களுக்கென்றே அன்னை தெரசா பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் கல்லூரி வேலைக்கான விளம்பரம் பாடவாரியாக வருகிறது. எம்.ஏ. தமிழ், முனைவர் பட்டம் மகளிரியல் என்றால் எந்தப் பணியிடத்துக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அமெரிக்கா போக நினைப்பவர்களுக்கு ஒன்று. அங்கே இனவியல் கல்வி (Ethnic Studies) என்று தனித் துறை வந்ததற்குப் பின்னால் 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் மாணவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் இருக்கிறது. கறுப்பினத்தவர், பூர்வகுடிகள், ஆசிய, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், இவர்கள்தான் அந்தத் துறையின் மையம். சத்தியமங்கலம் சோளகர் பழங்குடியைப் பற்றி அந்தத் துறைக்கு விண்ணப்பம் போட்டால், விண்ணப்பத்தைப் படிப்பவருக்கே அது எங்கே பொருந்தும் என்று தெரியாமல் போகலாம். மானிடவியலோ தெற்காசியத் துறையோதான் அதற்கு ஏற்ற இடம். 1960களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, அண்ணன்மார் கதை என்ற நாட்டார் காவியத்தைப் பதிவுசெய்த பிரெண்டா பெக்கும் மானிடவியல் ஆய்வாளர்தான்.

பணம்? ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. அது இல்லாமல் கைக்காசைப் போட்டு ஆறு வருடம் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

"ஏனுங்க, கல்யாணத்தை எப்ப வைக்கிறது?" என்று பெற்றோர் கேட்பார்கள், அதுவும் தெரியும். மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்குப் பெண்களுக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. பட்டத்தை முடிக்கும் கால வரம்பிலும் கூடுதலாக 2 ஆண்டு சலுகை உண்டு. அந்த யுஜிசி விதியின் நகலை எடுத்து வீட்டில் காட்டுங்கள்.

கேள்விகளுக்குப் போகலாம். பின்வரிசையில் கை தூக்கிய தங்கை, நீங்கள் கேளுங்கள்.